அல்ஜீப்ரா டைல்ஸ் ரெண்டு பாக்ஸ் வாங்கினேன், ஒண்ணு குழப்புச்சு, ஒண்ணு புரிய வச்சுது

பையன் ஒன்பதாவது படிக்கிறான், மெட்ரிக் ஸ்கூல், நாங்க பெரம்பூர்ல இருக்கோம். காலாண்டு பரீட்சை கணக்கு பேப்பர் கைக்கு வந்தப்போ பாத்தேன், ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் வர்ற எடத்துல எல்லாம் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்னு போட்டு வச்சிருக்கான், ஒரு எடம் இல்ல, நாலு எடம். ஆனா அதே பேப்பர்ல முதல் பக்கத்துல ஃபார்முலாவ எழுதுன்னு கேட்ட ஒரு மார்க் கேள்விக்கு ஏ ஸ்கொயர் பிளஸ் 2 ஏபி பிளஸ் பி ஸ்கொயர்னு அழகா எழுதி டிக் வாங்கிருக்கான். அத பாத்ததும்தான் எனக்கு உறைச்சுது, இவனுக்கு ஃபார்முலா தெரியும், அது எதப் பத்தி பேசுதுன்னுதான் தெரியல.

நான் படிக்கும்போதும் இதேதான், முற்றொருமைகள்னு (இங்கிலீஷ்ல ஐடென்டிட்டி) தலைப்பு போட்டு கட்டம் கட்டி வரிசையா குடுத்தாங்க, மனப்பாடம் பண்ணோம், பாஸ் ஆனோம். என் புள்ளைக்கும் அதே கதை வேணாம்னு தோணுச்சு. ஆபீஸ்ல கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தங்கதான் அல்ஜீப்ரா டைல்ஸ் வாங்கிக் குடுத்துப் பாருன்னு சொன்னாங்க. அப்படி ஆரம்பிச்சு இந்த நாலு மாசத்துல ரெண்டு பாக்ஸ் வாங்கிட்டேன், அதுக்கு மேல ஒரு மரப்பெட்டியும் வாங்கினேன். வாங்கறதுக்கு முன்னாடி கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு, நான் படிச்சுப் பாத்த ரிவ்யூ எதுலயும் அது இல்ல, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு முதல்ல டைல்ஸ்னா என்னன்னு சொல்லிடறேன். சின்ன சதுரம் ஒண்ணு இருக்கும், அது 1. நீளமா ஒரு பட்டை இருக்கும், நீளம் எக்ஸ் அகலம் 1, அதனால அதோட பரப்பளவு எக்ஸ். பெரிய சதுரம் ரெண்டு பக்கமும் எக்ஸ், அது எக்ஸ் ஸ்கொயர். அவ்ளோதான் விஷயம். எக்ஸ் பிளஸ் 3 ஹோல் ஸ்கொயர் வேணும்னா ஒரு பக்கம் எக்ஸும் 3ம் சேந்த நீளத்துக்கு ஒரு சதுரத்த கட்டணும், கட்டிப் பாத்தா பெரிய சதுரம் ஒண்ணு, வலது பக்கம் மூணு பட்டை, கீழ மூணு பட்டை, மூலைல சின்ன சதுரம் ஒம்போது உக்காரும். அதாவது எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 6 எக்ஸ் பிளஸ் 9. அந்த 6 எங்கருந்து வந்துச்சுன்னு கண்ணுக்கு முன்னாடி கிடக்கும். பையன் விட்டுட்டு வந்தது அந்த ரெண்டு பக்கத்து பட்டைகளத்தான்.

முதல் பாக்ஸ் ஆன்லைன்ல வாங்கினது, 450 ரூபா, ஃபோம்ல செஞ்சது, பேர் சொல்ல விரும்பல. கலர் நல்லா இருந்துச்சு, பையனும் பூஜை லீவுல ஆசையா உக்காந்தான். பத்து நிமிஷத்துல சின்ன சதுரங்கள எடுத்து எக்ஸ் பட்டை பக்கத்துல வரிசையா அடுக்கினான், கரெக்டா அஞ்சு உக்காந்துச்சு, ஒரு நூல் கூட மிச்சமில்ல. "அம்மா, எக்ஸ்னா 5 தானே, அப்ப எதுக்கு எக்ஸ்னு எழுதணும், 5னே எழுதிடலாமே"ன்னான். எக்ஸ் பிளஸ் 3 ஹோல் ஸ்கொயருக்கு டைல்ஸ பரப்பி சின்ன சதுரக் கணக்குல எண்ணி 64னு விடை சொன்னான். தப்புன்னும் சொல்ல முடியல, 25ம் 30ம் 9ம் கூட்டினா 64 தானே வருது. எனக்கு ரெண்டு நாள் புரியல இதுல என்ன கோளாறுன்னு. அவன் அல்ஜீப்ரா போடவே இல்ல, எண்ணத்தான் செஞ்சான்.

இதுதான் நான் சொல்ல வந்தது. எக்ஸ் பட்டையோட நீளம் 1ஓட சரியான மடங்கா இருந்துச்சுன்னா அந்த பாக்ஸ் முற்றொருமைய சொல்லித் தராது, அத மறைச்சிடும். எக்ஸ் பிளஸ் 3 சமம் 8னா அது சமன்பாடு, எக்ஸ் 5ஆ இருந்தா மட்டும்தான் சரி, வேற எத போட்டாலும் உடைஞ்சிடும். முற்றொருமைங்கறது எக்ஸுக்கு பதிலா 2 போடு, 70 போடு, மைனஸ் 4 போடு, அரை போடு, எப்பவும் ரெண்டு பக்கமும் ஒண்ணா நிக்கும். முழுசும் ஒண்ணுன்னுதான் பேரே. இந்த வித்தியாசம் புரியாம ஃபார்முலாவ எத்தன தடவ இம்போசிஷன் எழுதினாலும் அவசரத்துல மறுபடி ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்தான் வரும், ஏன்னா பாக்க அதுதான் நியாயமா தெரியுது.

அந்த நியாயத்த உடைக்க ஒரு வழி இருக்கு. ஏ 3, பி 4னு போடச் சொன்னேன். ஹோல் ஸ்கொயர் 49 வந்துச்சு, அவன் எழுதறது 25தான் வந்துச்சு. நடுவுல 24 எங்க போச்சுடா கண்ணான்னு கேட்டேன். பேப்பர்ல 7க்கு 7 கட்டம் போட்டு 3க்கு 3ம் 4க்கு 4ம் நிழல் அடிச்சப்போ ரெண்டு மூலைலயும் 3க்கு 4 செவ்வகம் ஒவ்வொண்ணு வெள்ளையா நின்னுச்சு, 12ம் 12ம் 24. அப்ப அவனா கேட்டான், நான் எழுதுறது எப்பவாச்சும் சரியா வருமான்னு. நல்ல கேள்வி இல்லையா? ரெண்டுல ஒண்ணு பூஜ்யமா இருந்தா மட்டும்தான் வரும், அப்பத்தான் அந்த வெள்ளை செவ்வகம் இருக்காது.

ரெண்டாவது பாக்ஸ் வாங்க நம்ம பாரிஸ் கார்னர் (பாரிமுனை) பக்கம் போனேன், ஸ்கூலுக்கு லேப் சாமான் சப்ளை பண்ற ஒரு சின்ன கடை, மாடில இருக்கு, படி ரொம்ப செங்குத்து, வயசானவங்கள கூட்டிட்டு போகாதீங்க. கடைக்காரர்கிட்ட "அண்ணா, இதுல எக்ஸுக்கு எத்தன ஒண்ணு புடிக்கும்"னு கேட்டேன். அவர் ஒண்ணும் பேசாம பெட்டிய திறந்து சின்ன சதுரத்த அடுக்கிக் காட்டினார். "ரெண்டு வச்சா பத்தாது, மூணு வச்சா தாண்டிடும் மேடம், விவரம் தெரிஞ்ச டீச்சருங்க இததான் கேட்டு வாங்குவாங்க"ன்னார். வீட்டுக்கு வந்து ஸ்கேல்ல அளந்தேன், சின்ன சதுரம் 2 செ.மீ., எக்ஸ் 5.3 செ.மீ., ஒய் 8.7 செ.மீ. எத எதோட அடுக்கினாலும் சமமா முடியாது. 1150 ரூபா, பேரம் பேசி 1050க்கு குடுத்தார். எம்டிஎஃப் பலகைல (மரநார அழுத்தி செய்யற பலகை) வெட்டினது, மொத்தம் 78 துண்டு, எல் ஷேப்ல ஒரு ஃப்ரேம் இருக்கு, அதுல ரெண்டு பக்கமும் நீளத்த வச்சுட்டு நடுவ நிரப்பணும். ஒய் இருக்கறதால எக்ஸ் பிளஸ் ஒய் ஹோல் ஸ்கொயர் நேரடியா கட்டலாம், ஃபோம் பாக்ஸ்ல அது கிடையாது.

இதுல அவனால எண்ண முடியல. எண்ண முடியாததால வேற வழியில்லாம துண்டுக்கு பேர் சொல்லித்தான் விடை சொல்ல ஆரம்பிச்சான், ஒரு எக்ஸ் ஸ்கொயர், ரெண்டு எக்ஸ்ஒய், ஒரு ஒய் ஸ்கொயர். அதுக்கு அடுத்த நாள் நான் சார்ட் பேப்பர்ல மூணு சைஸ்ல வெட்டிக் குடுத்தேன், ஒரு செட்ல எக்ஸ் பெருசு ஒய் சின்னது, இன்னொண்ணுல தலைகீழ், மூணாவதுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. மூணையும் அடுக்கிட்டு கொஞ்ச நேரம் பேசாம பாத்தான். "அம்மா சைஸுதான் மாறுது, துண்டு எண்ணிக்க மாறவே இல்ல, எப்பவும் 1, 2, 1 தான்"னான். நான் எதிர்பாத்தது இந்த ஒரு வார்த்தையத்தான், எனக்கு கண்ணே கலங்கிடுச்சு, முப்பது வருஷம் முன்னாடி எனக்கு யாராச்சும் இப்படி காட்டிருந்தா நான் கணக்க விட்டுட்டு வேற குரூப் எடுத்திருக்க மாட்டேன்.

அதுக்கப்புறம் அவனுக்கு ரொம்ப புடிச்சது காரணிப்படுத்தறதுதான், அதாவது எத எதோட பெருக்கினா இது வரும்னு பிரிச்சுப் பாக்கறது. ஒரு பெரிய சதுரம், அஞ்சு பட்டை, ஆறு சின்ன சதுரம் கைல குடுத்து செவ்வகமா அடுக்குன்னா அடுக்குவான், பக்கத்த படிச்சா எக்ஸ் பிளஸ் 2, எக்ஸ் பிளஸ் 3. அதுல ஒரே ஒரு சின்ன சதுரத்த எடுத்துட்டா, அதாவது கடைசில 6க்கு பதிலா 5 ஆக்கிட்டா, எப்படி மாத்தி வச்சாலும் செவ்வகம் வராது, எங்கயாச்சும் ஓட்டை விழும். முழு எண்ல காரணி இல்லன்னா என்னன்னு அவன் விரலுக்கே தெரிஞ்சுபோச்சு. ரெண்டு எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 7 எக்ஸ் பிளஸ் 3 குடுத்து அரை மணி நேரம் போராடி 2 எக்ஸ் பிளஸ் 1, எக்ஸ் பிளஸ் 3னு அடுக்கினான், சாப்பிடக் கூப்பிட்டாலும் வரல.

பெட்டியோட வந்த கையேடு எட்டே பக்கம், இங்கிலீஷ்ல மட்டும், தமிழ் மீடியம் புள்ளைங்களுக்கு உதவாது. அதுல வர்க்கப் பூர்த்தியப் பத்தி, அதாவது குறையற மூலைய நிரப்பி சதுரத்த முழுசாக்கறதப் பத்தி, ஒரு வரி கூட இல்ல, இந்த டைல்ஸுக்கு ரொம்ப பொருத்தமானதே அதுதான். பெரிய சதுரம் ஒண்ணும் பத்து பட்டையும் குடுங்க, அஞ்ச வலது பக்கம் அஞ்ச கீழ வைக்கச் சொல்லுங்க, மூலைல 5க்கு 5 ஓட்டை தெரியும், 25 போட்டா சதுரம் முடிஞ்சுது. ஒம்போதாம் நூற்றாண்டுல பாக்தாத்ல இருந்த அல்-குவாரிஸ்மிங்கற கணித அறிஞர் எக்ஸ் ஸ்கொயரும் 10 எக்ஸும் சேந்து 39னா எக்ஸ் என்னன்னு இப்படி சதுரம் வரைஞ்சுதான் காட்டினார். 25அ ரெண்டு பக்கமும் சேத்தா 64, பக்கம் 8, அதுல 5 போக எக்ஸ் 3. அவர் புத்தகத் தலைப்புல இருக்கற அல்-ஜபர்ங்கற வார்த்தைதான் பின்னாடி அல்ஜீப்ரா ஆச்சு. அதுக்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல முன்னாடி யூக்ளிட்ங்கற கிரேக்க கணித அறிஞர் ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர ஒரு எழுத்து கூட இல்லாம, ஒரு கோட்ட எங்க வெட்டினாலும் முழுசோட சதுரம் ரெண்டு துண்டோட சதுரமும் ரெண்டு செவ்வகமும் சேந்ததுன்னு சொல்லி வச்சிருக்கார். எங்க வெட்டினாலும்ங்கறத கவனிங்க, அதுதான் முற்றொருமை. படம்தான் முதல்ல வந்துச்சு, எழுத்து ரொம்ப பின்னாடி வந்தது, ஸ்கூல்லதான் நாம தலைகீழா ஆரம்பிக்கறோம்.

மார்கழில ஒரு நாள் எங்க அத்தை வாசல்ல 7க்கு 7 நேர்புள்ளி வச்சிருந்தாங்க, எடம் இருக்கே 8ஆ ஆக்கிடலாம்னு வலது பக்கம் ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை வச்சாங்க. பையன் பால் வாங்கிட்டு வந்தவன் நின்னு பாத்துட்டு, "பாட்டி, இப்ப 15 புள்ளி வச்சீங்க"ன்னான், எண்ணவே இல்ல. பக்கத்துல 7, கீழ 7, மூலைல 1. அத்தைக்கு ஆச்சரியம், "ஆமாடா ராஜா, 49 இருந்துச்சு, இப்ப 64"ன்னாங்க, அவங்களுக்கு புள்ளிக் கணக்கு எப்பவும் அத்துப்படி. 1050 ரூபா டைல்ஸ் சொல்றதத்தான் அவங்க அம்பது வருஷமா வாசல்ல போட்டுட்டு இருக்காங்க.

இப்ப குறை. மைனஸ் வந்தா இந்த பாக்ஸ் தடுமாறுது. ஒவ்வொரு துண்டுக்கும் பின்பக்கம் செகப்பு ஸ்டிக்கர், செகப்புன்னா மைனஸ், ஒரு நீலமும் ஒரு செகப்பும் சேந்தா பூஜ்யம்னு விதி. செகப்பு பட்டைய வச்சு நிரப்பறப்போ பரப்பளவுங்கற உணர்வே போயிடுது, மறுபடி விதிய மனப்பாடம் பண்ற மாதிரி ஆயிடுச்சு. ஏ மைனஸ் பி ஹோல் ஸ்கொயர்ல கடைசில ஏன் பிளஸ் பி ஸ்கொயர்னு டைல்ஸ் வச்சு என்னால சொல்லித் தர முடியல. அதுக்கு ஒரு பேப்பரே போதும். 10 செ.மீ. சதுரமா வெட்டி வலது ஓரத்துல 3 செ.மீ. மடிங்க, கீழ 3 செ.மீ. மடிங்க, மிச்சம் தெரியறது 7க்கு 7. 100ல 30 போச்சு, இன்னொரு 30 போச்சு, 40 தானே இருக்கணும், 49 எப்படி வந்துச்சு? மடிச்சத பிரிச்சு பாத்தா அந்த மூலை மட்டும் ரெண்டு தடவ மடிஞ்சிருக்கு, ரெண்டு தடவ கழிச்சிட்டோம், அந்த 9அ ஒரு தடவ திருப்பிக் குடுக்கணும். அதே மாதிரி ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயருக்கு 10 செ.மீ. சதுரத்துல ஒரு மூலைல 4 செ.மீ. சதுரத்த வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்த ரெண்டா வெட்டி திருப்பி ஒட்டினா 14க்கு 6 செவ்வகம், 84. கத்தரிக்கோல் மட்டும்தான் செலவு. ராயபுரத்துல ராமானுஜன் பேர்ல கணித மியூசியம் ஆரம்பிச்ச பி.கே. ஸ்ரீனிவாசன்னு ஒரு கணக்கு ஆசிரியர் நம்ம ஊர்ல இருந்தாரு, காகிதத்தயும் கைல கிடைக்கறதயும் வச்சே புள்ளைங்களுக்கு கணக்கு காட்டினவர், வட சென்னைல இருக்கறவங்க அந்த மியூசியத்துக்கு புள்ளைங்கள கூட்டிட்டு போங்க.

ஹோல் க்யூபுக்கு தட்டையான டைல்ஸ் ஆகாது. அதுக்கு அதே கடைல பைனாமியல் க்யூப்னு ஒரு மரப்பெட்டி வாங்கினேன், 1400 ரூபா. மான்டிசோரி ஸ்கூல்ல மூணு நாலு வயசு குழந்தைங்க கலர் பாத்து அடுக்கற பொருள் அது, ஆனா உள்ள இருக்கறது முழுக்க ஏ பிளஸ் பி ஹோல் க்யூப். மொத்தம் எட்டு கட்டை, பெரிய க்யூப் ஒண்ணு, சப்பையா மூணு, ஒல்லியா மூணு, சின்ன க்யூப் ஒண்ணு. ஏ க்யூப், 3 ஏ ஸ்கொயர் பி, 3 ஏ பி ஸ்கொயர், பி க்யூப். அந்த முறைய உருவாக்கின மரியா மான்டிசோரி 1939ல நம்ம அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து டீச்சருங்களுக்கு பயிற்சி குடுத்தாங்க, உலகப் போர் வந்து 1946 வரைக்கும் இந்தியாவுலயே இருந்தாங்க. அந்த மரப்பெட்டி நம்ம ஊருக்கு அவ்ளோ பழக்கம், ஆனா எல்கேஜியோட நிறுத்திட்டு ஒன்பதாவதுல அத எடுத்து காட்ட மாட்டேங்கறாங்க, எனக்கு அதுதான் வருத்தம். பையன் ஒரு தடவ அடுக்கினான், ஏன் 3னு திரும்ப கேக்கல. விலை கொஞ்சம் ஜாஸ்தி, ரெண்டு மூணு வீடு சேந்து வாங்கி மாத்தி மாத்தி வச்சுக்கலாம்.

எல்லாத்தையும் டைல்ஸ்ல காட்ட முடியாதுங்கறதயும் சொல்லணும். ஏ க்யூப் பிளஸ் பி க்யூப் பிளஸ் சி க்யூப் மைனஸ் 3 ஏபிசிக்கு அடுக்கற மாதிரி ஒரு பொருள் எங்ககிட்ட இல்ல, அத உக்காந்து பெருக்கித்தான் பாக்கணும், நானும் பையனும் ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு பக்கம் முழுக்க பெருக்கி ஒவ்வொண்ணா அடிச்சு முடிச்சோம். மூணும் கூட்டினா பூஜ்யம் வந்தா க்யூப்கள கூட்டினது 3 ஏபிசிக்கு சமம்ங்கறதுக்கு மைனஸ் 5, 2, 3 போட்டுப் பாத்தான், மைனஸ் 125ம் 8ம் 27ம் சேந்து மைனஸ் 90, அந்தப் பக்கமும் மைனஸ் 90. எண் போட்டுப் பாக்கற பழக்கம் இப்ப அவனா பண்றான், பரீட்சைல சந்தேகம் வந்தா சின்ன எண் போட்டு சரி பாத்துக்கறான். ஆனா எத்தன எண் போட்டு சரியா வந்தாலும் அது நிரூபணம் ஆகாது, ஒரு எண்ல தப்பா வந்தா மட்டும் தப்புன்னு உறுதி, இதயும் சொல்லிக் குடுத்தேன்.

போன மாசம் ஆபீஸ்ல சேத்த பணத்துல பக்கத்து ஸ்கூல் புள்ளைங்களுக்கு நோட்டு வாங்க ஆண்டர்சன் தெருவுக்கு போனோம், ஒரு நோட்டு 52 ரூபா, 48 வேணும். கடைக்காரர் கால்குலேட்டர் தேடறதுக்குள்ள பையன் 2496ன்னான். 50ல 2 கூட, 50ல 2 கம்மி, 2500ல 4 போச்சு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் 97 பெருக்கல் 103 கேளுங்க, 98 ஸ்கொயர் கேளுங்கன்னு ஒரே தொந்தரவு, 9991, 9604னு அவனே சொல்லிட்டு வந்தான். அரையாண்டுல முற்றொருமை கணக்குல ஒண்ணு கூட தப்பு இல்ல, மார்க் போனது ஜியாமெட்ரில.

தரத்தப் பத்தி சொல்லணும்னா ஃபோம் பாக்ஸ்ல ஒரே மாசத்துல ஓரம் பிஞ்சு வந்துச்சு, ரிட்டர்ன் கேட்டா திறந்த பொருள் எடுக்க மாட்டோம்னுட்டாங்க. எம்டிஎஃப் பாக்ஸ் மழைல கொஞ்சம் உப்பி ஃப்ரேம்ல டைட்டா உக்காருது, செகப்பு ஸ்டிக்கர் நாலு துண்டுல உரிஞ்சிடுச்சு, தண்ணி படாம வைங்க. சின்ன சதுரம் தொலைஞ்சா தனியா தர்றதா கடைக்காரர் சொன்னார், ரெண்டு தொலைஞ்சு போய் கேட்டேன், பணம் வாங்காமலே குடுத்தார்.

எம்டிஎஃப் பாக்ஸ், மரப்பெட்டி ரெண்டும் தாராளமா வாங்கலாம், ஃபோம் வேணாம். காசு செலவு பண்ண முடியாதவங்க ஆண்டர்சன் தெருவுல ரெண்டு கலர் கெட்டி அட்டை வாங்கி வீட்டுலயே வெட்டிக்கோங்க, நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். 1க்கு 2 செ.மீ., எக்ஸுக்கு 5.3, ஒய்க்கு 8.7. வேற அளவு போட்டாலும் பரவால்ல, சின்ன சதுரத்த அடுக்கினா எக்ஸ் பக்கத்துல சரியா முடியக்கூடாது, அத மட்டும் பாத்து வெட்டுங்க.